அப்பா கழட்டி வெச்ச முன் பிரேக்

அம்மா ரோட்டுல உக்காந்திருக்காங்க. விழுந்தவங்க மாதிரியே இல்லீங்க, சந்தைல காய் பொறுக்க உக்காந்தவங்க மாதிரி உக்காந்திருக்காங்க. ஒரு செருப்பு கால்ல, இன்னொண்ணு ரோட்டுக்கு அந்தப் பக்கம். டிபன் கேரியர் தொறந்து தயிர் சாதமெல்லாம் தார் மேல. அப்பா ஸ்டாண்டு கூடப் போடாம வண்டிய அப்படியே சாய்ச்சு விட்டுட்டு ஓடி வந்து "ஏம்புள்ள... ஏம்புள்ள"ங்கிறாரு. அம்மா இடது கைய வலது கையால தாங்கிப் புடிச்சுட்டு என்னையவே நிமிந்து பாக்குறாங்க.

நான் அவங்களுக்குப் பின்னாடியே என் பைக்ல வந்துட்டிருந்தேன். ஹெல்மெட்ல கேமரா ஓடிட்டிருக்கு. ஏன் கேமரான்னா, எங்கப்பா எத்தனையோ வருசத்துக்கப்புறம் அன்னைக்குத்தான் முன் பிரேக் புடிக்கப் போறாரு. அதை எடுத்து நம்ம பைக் குரூப்ல போடணும்னு இருந்தேன். தலைப்பு கூட யோசிச்சு வெச்சிருந்தேன் ப்ரோ.

என் பேரு பூபேஷ். பவானி. பைப்பு, மோட்டர் சாமான் விக்கிற கடைல வேலை பாக்குறேன். கவுண்டர்ல நின்னுட்டேதான் இதை டைப் பண்றேன், ஆளு வந்தா நடுவுல விட்டுட்டுப் போவேன், கோவிச்சுக்காதீங்க. அவசரம்ங்க. எங்கப்பா இப்போ முன் பிரேக்கே இல்லாத வண்டில எங்கம்மாவ பின்னாடி உக்கார வெச்சு, தினம் காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா பைபாஸ் ரோட்டக் குறுக்க தாண்டுறாரு. லாரி வர்ற ரோடு. நான் கெஞ்சிட்டேன், கத்திட்டேன், அழுதும் பாத்துட்டேன். இன்னைக்கு சாயங்காலமும் கிளம்பிருவாரு. என்ன பண்றதுன்னே தெரியல.

மொதல்ல இருந்து சொல்றேன்.

எங்கப்பா பேரு குழந்தைவேலு. ஒரு கல்யாண மண்டபத்துல மேனேஜரு. அவரு வண்டி ஓட்டக் கத்துக்கிட்டது அவரு மொதலாளியோட பழைய ஸ்கூட்டர்ல. அந்தக் காலத்து ஸ்கூட்டர் முன் சக்கரம் எப்படித் தொங்கும் தெரியும்ல, ஒரே பக்கமா ஒரு குட்டிக் கை மாதிரி. முன் பிரேக்க அமுக்குனா மூக்கு அப்படியே தரைக்குக் குனியும். அப்பா ஒரு தடவை அப்படிக் குனிஞ்சு, சாமி கும்புடுற மாதிரி போயி சாக்கடைல விழுந்தாராம். அன்னைல இருந்து அவருக்கு ஒரே வேதம்: முன் பிரேக் புடிச்சா குப்புற விழுவ. அவரு வலது கை ஆக்ஸிலேட்டர் முறுக்க மட்டுந்தான். நிக்கிறதெல்லாம் கால் பிரேக்லதான். வண்டி மாத்துனாரு, வேதம் மாறல. முன் பிரேக் கேபிள் துருப்புடிச்சு அறுந்தே போச்சு, அதைக் கூட அவரு கவனிக்கலீங்க!

உங்க வீட்லயும் இந்த வேதம் ஓதியிருப்பாங்க. எனக்கும் ஓதுனாங்க. ஆனா நமக்குத் தெரியும்ல ப்ரோ? பிரேக் அடிச்சா வண்டியோட பாரம் பூரா முன் சக்கரத்துக்குத்தான் வருது. பின் சக்கரம் லேசாயிருது. லேசான சக்கரத்தப் புடிச்சு எங்க நிக்கிறது? அது வழுக்கிட்டுத்தான் போவும். நிறுத்தறது முன் பிரேக்குதான். இதை நான் சோத்துத் தட்டுல ஒரு தக்காளிய வெச்சு தள்ளியெல்லாம் காட்டியிருக்கேன் அவருக்கு. "தக்காளிய வீணாக்காதடா"ன்னாரு.

இருங்க, முக்கா இஞ்ச் எல்போ கேக்குறாங்க.

வந்துட்டேன். அப்புறம் ஒரு வழியா மனுசன் எறங்கி வந்தாரு. "சரி சாமி, உன்னிஷ்டம், பண்ணு"ன்னாரு. அவரு வாயில இருந்து அந்த வார்த்தை வர எனக்கு காலேஜ் முடிச்சு இத்தனை நாளாச்சு. அன்னைக்கே வண்டியத் தள்ளிட்டு ரஃபீக் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டேன். ரஃபீக் என் கூடப் படிச்சவன், சொந்தமா மெக்கானிக் ஷாப் வெச்சிருக்கான். ரெண்டு பேரும் சேந்து டிரம் பிரேக்கத் தூக்கிட்டு, பெரிய வண்டியோட டிஸ்க்கு, அதைக் கவ்வுற கேலிப்பர், முன் சக்கரத்தத் தாங்குற ஃபோர்க் காலு எல்லாம் பழைய சாமான் கடைல புடிச்சு மாட்டுனோம். உள்ள ஸ்ப்ரிங் மட்டும் அப்பா வண்டியோடது. ரஃபீக் கூட கேட்டான், "ஏன்டா, பிரேக்கு யானை, ஸ்ப்ரிங்கு பூனையா இருக்கு, மூக்கு முங்காதா?"

"முங்கட்டும்டா, முங்குனா முன் டயருக்கு இன்னும் கிரிப்பு"ன்னேன். அது தப்பில்லீங்க, கொஞ்சம் முங்கறது நல்லதுதான்.

டெஸ்ட்டும் பண்ணுனேன்! பண்ணாம கொடுக்க நான் என்ன மடையனா? அம்மாவோட எடைக்கு ஒரு அரிசி மூட்டைய பின் சீட்டுல வெச்சு, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, காலிங்கராயன் வாய்க்கா ரோட்டுல போயி அடிச்சுப் பாத்தேன். சும்மா சொல்லக் கூடாது, நட்டு வெச்ச மாதிரி நின்னுச்சு வண்டி. மூட்டை ஆடல, அசங்கல.

அடுத்த நாள் காலைல அம்மாவ ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறப்பதான் நடந்துச்சு. அம்மா பைபாஸுக்கு அந்தாண்ட ஒரு ஸ்கூல்ல ஆயாவா இருக்காங்க. அந்த நேரத்துக்கு டவுன் பஸ்ஸு கெடையாது, அதனால அப்பாதான் கொண்டு போயி விடுவாரு. ஸ்கூல் பக்கத்துல ஒரு ஆட்டுக்குட்டி குறுக்க வந்துச்சு. அப்பா நான் சொன்ன மாதிரியே முன் பிரேக்க அமுக்குனாரு. என்ன, நாலு விரலையும் வெச்சு அமுக்கிட்டாரு.

அந்த வீடியோவ நான் எத்தனை தடவை பாத்திருப்பேன்னு எனக்கே தெரியாது. ஸ்லோமோஷன்ல, நிறுத்தி நிறுத்தி. மொதல்ல ஃபோர்க்கு சரசரன்னு உள்ள எறங்குது. வண்டி மூக்கு குத்துது. அம்மா சீட்டுல வழுக்கி அப்பா முதுகுல மோதுறாங்க. அது வரைக்கும் யாரும் விழல, அதை நல்லா கவனிங்க! ஃபோர்க்கு முங்குன உடனே அப்பாவுக்கு அந்த ஸ்கூட்டர் ஞாபகம் வந்திருக்கும். பயந்து போயி லீவர டக்குன்னு விட்டுட்டாரு. விட்டதும் அமுங்குன ஸ்ப்ரிங்கு அத்தனையும் ஒரே உதையா மேல வருது. உள்ள ஆயில் தண்ணி மாதிரி இருந்தா அது எப்படிங்க மெதுவா வரும்? மூக்கு துள்ளுது, சீட்டு பின்னாடி அமுங்குது, சைடா உக்காந்திருந்த அம்மா பின்னால சரிஞ்சு போறாங்க.

புரியுதா ப்ரோ? அம்மா முங்குனதுல விழல. எந்திரிச்சதுல விழுந்தாங்க! இதை நான் கண்டுபுடிச்சப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துருச்சு. ஆஸ்பத்திரில மாவுக்கட்டு போட்டுட்டிருக்காங்க, நான் ஓடிப் போயி அம்மாகிட்ட போனைக் காட்டுனேன். "பாரும்மா, பிரேக்குல தப்பே இல்ல, ரீபவுண்டுதான்"ன்னு.

அம்மா வீடியோவப் பாத்தாங்க. பாத்துட்டு, "அதுல சத்தம் வெச்சுப் பாரு கண்ணு"ன்னாங்க.

சத்தம் வெச்சா, "லீவர விடாதீங்கப்பா, லீவர விடாதீங்க"ன்னு நான் கத்துறது கேக்குது. அப்புறம் நான் எறங்கி ஓடுறது தெரியுது. ஓடிப் போயி குனிஞ்சு முன் சக்கரத்தத் தொட்டுப் பாக்குறேன்.

"நான் ரோட்டுல கெடக்குறேன், நீ சக்கரத்துக்கு நாடி புடிச்சுப் பாக்குற"ன்னாங்க அம்மா. கட்டுப் போடுற நர்ஸு சிரிச்சிருச்சு.

"ஐயோ, டிஸ்க்கு சூடாயிருக்கான்னு உடனே பாத்தாத்தாம்மா தெரியும், ஆறிப் போச்சுன்னா தெரியாது"ன்னேன். உண்மைதானே ப்ரோ, ஆறிப் போச்சுன்னா தெரியாதுல்ல?

அம்மா நல்ல கையால போனைத் தள்ளுனாங்க. "என்னைய ஒரு நாளு பின்னாடி வெச்சு ஓட்டிப் பாத்திருக்கலாம். மூட்டைய வெச்சுப் பாத்திருக்க"ன்னாங்க.

"எடை ஒண்ணுதாம்மா!"

"மூட்டையக் கட்டி வெச்சிருந்தயில்ல சாமி?"

அப்போ எனக்குப் புரியல. இப்போ தெரியும், சீட்டுக் கவரு வழுக்குது, நான்தான் பளபளன்னு புது ரெக்ஸின் போட்டிருந்தேன், அதுவும் ஒரு காரணம். குறிச்சுக்குங்க, புது ரெக்ஸின் போடாதீங்க.

ஒரு நிமிசம்ங்க, ஓனர் அக்கா கூப்பிடுறாங்க. கடை ஓனரோட சம்சாரம், கல்லால அவங்கதான் உக்காருவாங்க.

ஒண்ணுமில்ல, என்னடா அழுதுட்டே டைப் பண்றன்னு கேட்டாங்க. சொன்னேன். "அப்பா ஏன் அம்மாவ வெச்சு ஓட்டணும், உன்கிட்டதான் நல்ல பிரேக்கு வெச்ச பைக்கு இருக்கே"ன்னாங்க. அவங்களுக்கு எங்க புரியப் போவுது. என் பைக்ல பின் சீட்டைக் கழட்டிட்டு அந்த எடத்துல கவுல் மூடி மாட்டியிருக்கேன், பின்னாடி பாரம் ஏறுனா வண்டியோட பேலன்ஸே போயிரும். அதுவுமில்லாம அம்மா எட்டு மணிக்கே கிளம்புறாங்க, எனக்குக் கடை ஒம்பதரைக்குத்தான். விசயம் அதில்லீங்க. விசயம் அப்பாவோட முன் பிரேக்கு.

ஆஸ்பத்திரில இருந்து வந்த அன்னைக்கே அப்பா ஸ்பேனர எடுத்தாரு. முன் பிரேக் லீவரோட போல்ட்டக் கழட்டி, லீவரக் கொண்டு போயி மண்டபத்துல பாத்திர ரூமுக்குள்ள, சாம்பார் அண்டாக்குள்ள போட்டு, ரூமப் பூட்டி சாவிய இடுப்புல முடிஞ்சுக்கிட்டாரு. சின்னப் பசங்களுக்கு எட்டாம கத்தி எடுத்து வெப்பாங்கள்ல, அந்த மாதிரி. ஹேண்டில்பார்ல அந்த எடம் மொட்டையா இருக்குது.

கட்டுப் போட்ட கையோடயே அம்மா வேலைக்குப் போறாங்க. லீவு போட்டா வேற ஆளப் போட்டுருவாங்களாம். ஒரு கைல கட்டு, இன்னொரு கைல பையி. இந்தக் கோலத்துல பின்னாடி சைடா உக்காந்து, முன் பிரேக்கே இல்லாத வண்டில! நெனச்சுப் பாருங்க.

நான் விடல. திரும்ப ரஃபீக்கிட்ட ஓடுனேன். இந்தத் தடவை எல்லாம் சரியா பண்ணுனேன். கெட்டி ஸ்ப்ரிங்கு. கெட்டியான ஆயிலு, முங்கறதும் மெதுவா, எந்திரிக்கிறதும் மெதுவா. பெரிய கேலிப்பர எடுத்துட்டு சின்னது. லீவர அமுக்குனா படிப்படியாத்தான் புடிக்கும், கடிக்காது. பழைய ரெக்ஸின் கூட திரும்ப மாட்டிட்டேன். புதுசா ஒரு லீவர் வாங்கிப் போட்டேன். கொண்டு போயி வாசல்ல நிறுத்தி, "அப்பா, ஒரே ஒரு தடவை அடிச்சுப் பாருங்க, கால்ல வேணா விழறேன்"ன்னேன். நெஜமாவே விழுந்தேன் ப்ரோ.

அப்பா வண்டியப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. "ஏறு. பின்னாடி உக்காரு"ன்னாரு.

கால ரெண்டு பக்கம் போட்டு ஏறப் போனேன்.

"அப்படி இல்ல. உங்கம்மா உக்கார்ற மாதிரி."

எங்க வீதி எப்படின்னா, ஒருத்தர் தும்முனா பத்து வீட்ல சன்னல் தொறக்கும். சாயங்கால நேரம் வேற. நான் லுங்கியோட சைடா உக்காந்தேன். அப்பா அம்மாவோட பையக் கொண்டாந்து மடில வெச்சாரு. டிபன் கேரியரு. கொடை. "இடது கைய உபயோகிக்கக் கூடாது, கட்டுப் போட்டிருக்கு"ன்னாரு. எதுத்த வீட்டு ஐயப்பன் மாமா திண்டுல சாஞ்ச மாதிரி கேட்டுல சாஞ்சுக்கிட்டு, "மாப்ள, பூ வெக்க மறந்துட்டயே"ங்கிறாரு. அவரு சம்சாரம், "ஏனுங்க, அந்தப் பையனுக்கே கண்ணு நெறைஞ்சு கெடக்குது"ன்னு அவரை அதட்டுது. அம்மா வாசப்படில உக்காந்து பாத்துட்டிருக்காங்க.

வண்டி கிளம்புச்சு. ப்ரோ, உங்கள்ல யாராச்சும் சைடா உக்காந்து போயிருக்கீங்களா? கால் வெக்க ஒரு தம்மாத்துண்டு பலகை. அதுவும் ரெண்டு காலுக்கும் சேத்து. ரோடு முன்னாடி தெரியாது, வீடுங்கதான் ஓடுது, எப்போ பிரேக் அடிப்பாருன்னு தெரியாது. புடிக்க ஒண்ணுமே இல்ல. எனக்கு இது இத்தனை நாளா தெரியவே தெரியாது.

அடிச்சாரு. நல்லா முழுசா அடிச்சாரு.

ஃபோர்க்கு அழகா எறங்குச்சு, வெண்ணெய் மாதிரி. நான் வழுக்கிட்டு முன்னாடி போனேன், போயி அப்பா சட்டைய வளைச்சுப் புடிச்சேன், பாக்கெட்டு பர்ருன்னு கிழிஞ்சுருச்சு. வண்டி நின்னுச்சு. எந்திரிக்கிறப்பவும் மெதுவா எந்திரிச்சுச்சு, துள்ளல. நான் விழல! "பாத்தீங்களாப்பா, பாத்தீங்களா, விழல!"ன்னு கத்துனேன். வீதியே கை தட்டுச்சு.

அப்பா திரும்பிக் கூடப் பாக்கல. "நீ எதைப் புடிச்ச?"ன்னாரு.

"உங்க சட்டைய."

"உங்கம்மா ரோட்டுல என்னைத் தொட மாட்டா."

அது உண்மைதாங்க. கல்யாணமான நாள்ல இருந்து அம்மா வண்டில அப்பா தோள்ல கை வெச்சதே இல்ல. வெக்கமாம். சீட்டுக்குப் பின்னாடி இருக்குற கம்பியத்தான் புடிப்பாங்க, அதுவும் இப்போ கட்டுப் போட்ட கைக்கு எட்டாது. "சரிம்மா, இனிமே அப்பா தோளப் புடிச்சுக்க, என்ன இப்ப"ன்னேன். அம்மா, "போடா அங்கிட்டு"ன்னு உள்ள போயிட்டாங்க.

அப்பா வண்டிய ஸ்டாண்டு போட்டுட்டு அந்தப் புது லீவர விரலால தடவிப் பாத்தாரு. ஒத்துக்கிட்டாருன்னு நெனச்சேன். "நல்லாத்தான் நிக்குது. நல்லா வேலை செஞ்சிருக்க"ன்னாரு. "ஆனா என் கை அமுக்காது சாமி."

"இப்போ அமுக்குனீங்களேப்பா!"

"பின்னால நீ இருந்த."

அதுக்கு மேல சொல்ல மாட்டாருன்னு நெனச்சேன். சொன்னாரு. அந்த லீவர் மேல விரல் பட்டாலே அம்மா விழுந்த சத்தம் காதுக்குள்ள கேக்குதாம். பாத்திரம் உருண்ட சத்தமாம். ராத்திரி படுத்திருக்கப்ப வலது கை தானா விரியுதாம், லீவர விடுற மாதிரி. "அது அங்க இருந்தா, ஒரு அவசரத்துல என் கை போயிரும். போயிட்டுப் பாதில விட்டுருவேன். பாதில விடுறதுக்கு அது இல்லாமயே இருக்கட்டும்"ன்னாரு.

நான் என்ன சொல்லணும் ப்ரோ? ஆயிலோட திக்னஸ் பத்தி மறுபடியும் சொன்னேன். இப்போ பாதில விட்டாலும் துள்ளாதுப்பா, அதுக்குத்தானே கெட்டி ஆயில் ஊத்தியிருக்குன்னு. பழைய காலத்துல சில வண்டில ஃபோர்க்குக்குப் பதிலா முன் பக்கமா நீட்டுன கை இருக்கும், அதுல பிரேக்கப் புடிச்சா மூக்கு குனியவே குனியாது, மேல கூட எந்திரிக்கும், வேணும்னா அது மாதிரி ஒண்ணு செய்யறேன்ப்பான்னு சொன்னேன். படம் கூட வரைஞ்சு காட்டுனேன். அப்பா படத்த வாங்கிப் பாத்துட்டு மடிச்சு, கிழிஞ்ச பாக்கெட்டுல வெச்சாரு, அது கீழ விழுந்துச்சு. அப்புறம் ஸ்பேனர எடுத்துட்டு வந்து ரெண்டாவது லீவரையும் கழட்டிட்டாரு.

அது நேத்து.

இன்னைக்குக் காலைல நடந்ததாலதான் இப்போ எழுதுறேன். நான் மத்தியானம் சோத்து நேரத்துல போன் பண்ணுனப்ப அம்மா சாதாரணமா சொல்றாங்க. பைபாஸ் தாண்டுறப்ப ஒரு மினி லாரி சட்டுன்னு நின்னுச்சாம். அப்பா கால் பிரேக்க மிதிச்சாராம். பின் சக்கரம் கோடு போட்டுட்டே போயி, வண்டி குறுக்கால திரும்பி, லாரி பம்பர்ல அம்மாவோட முட்டி லேசா ஒரசி நின்னுச்சாம். முட்டி ப்ரோ! சைடா உக்காந்திருக்காங்கள்ல, முட்டிதான் மொதல்ல போகும்!

"லாரிக்காரன் நல்ல பையன், திட்டக் கூட இல்ல"ங்கிறாங்க அம்மா.

"அப்பா என்ன சொன்னாரு?"

"என்னைய ஸ்கூல்ல எறக்கி விட்டுட்டு கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டிருந்தாரு. வேர்த்துப் போச்சு அவருக்கு. நீ சாப்பிட்டியா கண்ணு?"

உடனே அப்பாவுக்கு அடிச்சேன். எடுக்கல. மண்டபத்துல முகூர்த்தம், பந்தி ஓடிட்டிருக்கும். ரஃபீக்குக்கு அடிச்சேன். "டேய், இனிமே என்கிட்ட ஸ்ப்ரிங்கு, ஆயிலுன்னு எதுவும் பேசாத. போயி உங்கம்மாவக் கூட்டிட்டு வா"ன்னு வெச்சுட்டான். எல்லாரும் இதையே சொல்றாங்க. பிரச்சனையோட வேர் எங்க இருக்குன்னு ஒருத்தருக்கும் புரிய மாட்டேங்குது. ஒரு நாளு நான் போயி கூட்டிட்டு வந்தா ஆச்சா? நாளைக்கு? அந்த வண்டில முன் பிரேக் இருக்கணும்ங்க, அதுதான் தீர்வு. மூணாவது லீவர் வாங்கி டேங்க் கவருக்குள்ள வெச்சிருக்கேன். அப்பா ஒரு வார்த்தை சரின்னா போதும், அஞ்சு நிமிச வேலை.

மழை வேற புடிச்சிருச்சு. கடை வாசல்ல தண்ணி ஓடுது. ஈர ரோட்டுல பின் சக்கரம் மட்டும் புடிச்சா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஓனர் அக்கா, "கிளம்புடா, நான் பாத்துக்கறேன்"னு ரெண்டு தடவை சொல்லிட்டாங்க. இருங்கக்கா, குரூப்ல கேட்டுட்டு இருக்கேன், பதில் வரட்டும்னு சொல்லியிருக்கேன்.

உங்க வீட்லயும் இப்படி நடந்திருக்கா ப்ரோ? நல்ல பிரேக்க மாட்டிக் கொடுத்தும் புடிக்க மாட்டேன்னு நின்னிருக்காங்களா? உங்க அப்பாகிட்ட என்ன சொன்னீங்க? எந்த வார்த்தை சொன்னா அந்தக் கை மறுபடியும் லீவர் மேல போகும்? யாருக்காச்சும் நடந்திருந்தா சொல்லுங்க, உடனே சொல்லுங்க, அப்பா இப்போ ரெயின்கோட்டு மாட்டிட்டிருப்பாரு.